முப்பத்திரண்டு பேருக்கு மேல் ஏறக்கூடாது

பஸ் ஓடாத அந்த ஐந்து மாதத்தில் நான் விவசாயம் செய்து பார்த்தேன். நைனார்பாளையத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. அதை அண்ணன்தான் பார்த்துக்கொள்கிறார். நான் அரசுப் பேருந்தில் கண்டக்டர். பதினாலு வருஷமாக வயலைச் சன்னல் வழியாக மட்டுமே பார்த்தவன். ஊரடங்கில் சும்மா உட்கார்ந்திருக்கிறானே என்று அண்ணன் என்னை உளுந்துக்குக் களையெடுக்கக் கூப்பிட்டார். மூன்றாம் நாள், "நீ களைய வுட்டுட்டு உளுந்தப் புடுங்கிகினு வர. வூட்டுக்குப் போ சாமி, புண்ணியமாப் போவும்" என்று கும்பிட்டு அனுப்பிவிட்டார்.

வீட்டிலும் எனக்கு நல்ல பெயர் இல்லை. சாயங்காலம் கோழிகளைக் கூண்டில் அடைக்கும்போது, "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத" என்று என்னை அறியாமலே சொல்லியிருக்கிறேன். என் மனைவி அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்: "டிப்போவுக்கு நானே போன் போட்டு, இந்த ஆள எப்ப திரும்ப எடுத்துக்கினு போவீங்கன்னு கேக்கட்டுமா?"

ஒருநாள் டிப்போவிலிருந்தே போன் வந்தது. மாவட்டத்துக்குள் பஸ் விடப் போகிறார்கள், மலை ரூட்டுக்கு நான் வர வேண்டும் என்றார்கள். மனைவி உடனே சாமி படத்துக்குக் கற்பூரம் ஏற்றினாள். கொரோனா போவதற்கா, நான் போவதற்கா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

முதல் நாள் காலையில் டிப்போவில் எங்களை வரிசையாக, ஆளுக்கு ஆள் தள்ளி நிற்கவைத்துக் கிளை மேலாளர் ஒரு தாளை வாசித்தார். ஐம்பத்திரண்டு சீட்டில் முப்பத்திரண்டு பேருக்கு மேல் ஏறக்கூடாது. பின்படியில் ஏற வேண்டும், முன்படியில் இறங்க வேண்டும். மாஸ்க் இல்லாதவரை ஏற்றக்கூடாது. டிக்கெட் கிழிக்கும்போது விரலில் எச்சில் தொடக்கூடாது. இந்தக் கடைசி விதியில்தான் எங்கள் ஆட்கள் ஆடிப்போனார்கள். என் ஆள்காட்டி விரலும் நாக்கும் பதினாலு வருஷம் ஒன்றாகக் குடித்தனம் நடத்தியவை. அவற்றைப் பிரித்துவைத்து, நடுவில் ஒரு சின்ன டப்பாவில் தண்ணீரும் பஞ்சும் கொடுத்தார்கள். மலை வளைவில் அந்தத் தண்ணீர் யார் மடியில் போய் விழும் என்று யாரும் யோசிக்கவில்லை.

நான் கையைத் தூக்கினேன். "சார், மாஸ்க்கக் கழட்டாம விசில் ஊதறது எப்படி?"

மேலாளர் தாளின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. "வாயால சொல்லுய்யா" என்றார்.

என்னோடு வந்த டிரைவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதிகம் பேசமாட்டார். ஊரடங்கில் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தாராம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும்வரை பஸ்சையும் டிராக்டர் மாதிரியே ஓட்டினார். கோமுகி அணை தாண்டி மலை ஏறத் தொடங்கியபோதுதான் அவருக்குப் பின்னால் ஒரு நீளமான வண்டி வருகிறது என்ற ஞாபகம் வந்தது.

மேலே போகும்போது பஸ்சில் ஆறு பேர். ஆறு பேரும் ஒருவரையொருவர் கொலைகாரர்களைப் போலப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். ஒருவர் தும்மினார். முன்னும் பின்னும் இருந்தவர்கள் எழுந்து தள்ளிப் போய், அவருக்கு மட்டும் தனி பஸ் விட்டமாதிரி ஆகிவிட்டது. கொண்டையூசி வளைவில் குரங்குகள் நடுரோட்டில் குடும்பத்தோடு படுத்திருந்தன. டிரைவர் ஹாரன் அடித்தார். ஒரு கிழக்குரங்கு தலையை மட்டும் திருப்பி, "நீ யாரு புதுசா?" என்பதுபோலப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டது. நான் இறங்கிப் போய்க் கெஞ்சிய பிறகுதான் வழிவிட்டன.

வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சின்ன ஊர்தான் எங்கள் கடைசி ஸ்டாப். அதற்குமேல் ரோடு கிடையாது. அந்த ஊருக்கு வருவது எங்கள் ஒரு பஸ்தான், காலையில் ஒருமுறை, மத்தியானத்துக்கு மேல் ஒருமுறை. வளைவு திரும்பும்போதே மேளம் கேட்டது. ஊரே ரோட்டில் நின்றது. பஸ்சின் நெற்றியில் சாமந்தி மாலை போட்டார்கள், சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார்கள், தேங்காய் உடைத்தார்கள். ஒரு பெண் ஹெட்லைட் இரண்டுக்கும் குங்குமம் வைத்துவிட்டு, அதே வேகத்தில் டிரைவருக்கும் வைத்தாள். குறி தவறிப் பொட்டு மாஸ்க்கில், மூக்கின்மேல் போய் உட்கார்ந்தது. அவர் அதைத் துடைக்காமலே நாள் முழுக்க வண்டி ஓட்டினார்.

ஆறடி இடைவெளி என்று நான் கத்தினேன். மேளத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

மேளம் நின்றதும் எண்பது பேர் பின்படியை நோக்கி வந்தார்கள். நான் படியில் குறுக்கே நின்று இரண்டு கையையும் விரித்து, முப்பத்திரண்டு பேர்தான் என்று சொன்னேன். ஒரே நேரத்தில் எண்பது பேரும் என்னைத் திட்டினார்கள். அஞ்சு மாதமாக வராத பஸ் வந்ததற்காக மாலை போட்டவர்கள், அந்த மாலையைக் கழற்றிக்கொள்ளலாமா என்று யோசிப்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது.

ஊர்க்கவுண்டர் முன்னால் வந்தார். அந்த ஊரில் எந்த வழக்கானாலும் தீர்ப்புச் சொல்பவர் அவர்தான். கழுத்துத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு கல்லின் மேல் ஏறி நின்றார்.

"இன்னா சத்தம்? சார் மேல தப்பு இல்ல, ரூலு. அவசரக்காரங்க மட்டும் போவட்டும். இன்னா அவசரம்னு எல்லாருக்கும் கேக்கறாப்ல சொல்லணும். ஊரு கேட்டு ஒத்துக்கினா ஏறலாம்."

டிரைவர் இன்ஜினை அணைத்தார். சீட்டில் திரும்பி உட்கார்ந்துகொண்டு, டீ இருக்குமா என்று சன்னல் வழியாக யாரையோ கேட்டார். இது சீக்கிரத்தில் முடியாது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

முதலில் ஒரு கர்ப்பிணி. ஸ்கேன் எடுக்க வேண்டும். உடனே வழிவிட்டார்கள். அடுத்து ரேஷன் மெஷினில் கைரேகை விழாத இரண்டு பேர், கண்ணுக்குச் சொட்டுமருந்து தீர்ந்துபோன ஒருவர், ஆன்லைன் பரீட்சை எழுத டவர் கிடைக்காத ஒரு காலேஜ் பெண். அந்தப் பெண்ணுக்கு ஊரே கைதட்டியது; அவள் எந்த மரத்தின் மேல் ஏறிப் பாடம் கேட்டாள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பிறகு ஒரு இளைஞன் வந்தான். "ஊரடங்குக்கு முன்னாடி டெய்லர்கிட்ட பேன்ட் தைக்கக் குடுத்திருந்தேன்."

"அளவு குடுத்தது எப்ப?" என்றார் ஊர்க்கவுண்டர்.

"பிப்ரவரில."

ஊர் அவனை மேலும் கீழும் பார்த்தது. "இப்ப அது உனக்கு முட்டி வரைக்கும் தான் ஏறும்" என்று பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னாள். அவன் மனு தள்ளுபடி.

அடுத்தவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். பல்வலி. ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லை என்று முனகினார். அவர் மனைவி கூட்டத்திலிருந்து, "நேத்து அந்தப் பக்கம்னு சொன்ன, இன்னிக்கு இந்தப் பக்கமா?" என்று கேட்டாள். அவர் கையை அவசரமாக மற்றக் கன்னத்துக்கு மாற்றினார். எல்லோரும் சிரித்தார்கள். கீழே பிராந்திக் கடை திறந்துவிட்டது, அவருக்கு அங்கேதான் வைத்தியம் என்று எனக்கே புரிந்தது. ஆனால் அவர் ஊர்க்கவுண்டருக்கு மச்சான். "பல்லு வலி யாருக்கு வேணா வரும், ஏறு" என்று தீர்ப்பு வந்தது.

ஏறுகிறவர்களை நான் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீலப்பூ போட்ட மாஸ்க் அணிந்த ஒரு பெண் ஏறினாள். கொஞ்ச நேரத்தில் நீலப்பூ மாஸ்க்கில் ஒரு தாத்தா ஏறினார். மூன்றாவதாக அதே நீலப்பூ, தக்காளிப் பையோடு வந்த ஒருவர் முகத்தில் ஏறியபோது சந்தேகம் வந்து திரும்பிப் பார்த்தேன். முதல் பெண் உள்ளே உட்கார்ந்து, வெறும் முகத்தோடு சன்னல் வழியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். "மூஞ்சியில முந்தானையைக் கட்டிக்கோங்கம்மா" என்று கெஞ்சினேன். ஊரில் எத்தனை மாஸ்க் இருந்ததோ, அத்தனையையும் வைத்து அவர்களால் முடிந்ததைச் செய்தார்கள்.

இருபத்தேழாவது ஆளாக ஒரு அம்மா வந்தாள். ஐம்பது வயது இருக்கும். பெரிய மூக்குத்தி. கையில் பை, கூடை, மருந்துச்சீட்டு எதுவும் இல்லை.

"உனக்கு இன்னா வேல?" என்றார் ஊர்க்கவுண்டர்.

"ஒரு வேலயும் இல்ல. சும்மா பஸ்ஸுல போய்க்கினு வரணும்."

ஆண்கள் பக்கம் சலசலப்பு. "சும்மா போறதுக்கெல்லாம் எடம் கெடையாது" என்று ஒருவர் சொன்னார்.

அந்த அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "நீ வாரத்துல நாலு நாளு சும்மாதான போய்க்கினு இருந்த? அப்ப உன்ன யாருனா நிக்கவெச்சிக் கேட்டாங்களா? அஞ்சு மாசமா அதே அடுப்பு, அதே ஆடு, அதே மூஞ்சிங்க. உங்க மூஞ்சியத்தான் சொல்றேன். ஒரு நாளு வேற மூஞ்சி பாத்துட்டு வரேன். எனக்கு அதான் அவசரம்."

ஊர்க்கவுண்டர் கல்லின் மேல் நின்றபடி ரூல் தேடினார். பெண்கள் அத்தனை பேரும் அவரையே பார்த்தார்கள். கடைசியில் அவருடைய மனைவியே, "ஏத்துய்யா அவள" என்றாள். அந்த அம்மா ஏறி, டிரைவருக்குப் பின்னால் சன்னலோரம் உட்கார்ந்து, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

முப்பத்திரண்டு ஆனதும் கதவைச் சாத்தினேன். இதற்கே ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

இறங்கும் வழியில் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஆட்கள் கைகாட்டினார்கள். எனக்கு வேலையே இருக்கவில்லை. உள்ளே இருந்த முப்பத்திரண்டு பேரும் சன்னல் வழியாக, "எடமில்ல! ரூலு! ரூலு!" என்று கத்தினார்கள். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அதே ரூலுக்காக என் பரம்பரையையே திட்டியவர்கள். பஸ்சுக்குள் ஏறியதும் மனுஷனுக்கு எப்படி இப்படிச் சட்டம் ஏறுகிறது என்பதை நான் என் சர்வீஸ் முழுக்கப் பார்த்திருக்கிறேன்; அன்றைக்குப் பார்த்த அளவு என்றைக்கும் பார்த்ததில்லை.

பாதி மலையில், நாலைந்து வீடுகள் இருக்கும் ஒரு இடத்தில், ஒரு இளம்பெண் நடுரோட்டில் நின்றாள். இடுப்பில் இரண்டு வயதுப் பிள்ளை, துணியால் சுற்றியிருந்தது. டிரைவர் பிரேக் போட்டார். நான் கதவைத் திறக்காமல் சன்னல் வழியாகக் கேட்டேன்.

"இன்னாம்மா?"

"கொயந்தைக்கு மூணு நாளா காய்ச்சல் சார். மூக்குல நாத்தமா ஒழுகுது. ஆஸ்பத்திரில எறக்கி வுட்டுடுங்க சார்."

காய்ச்சல் என்ற வார்த்தை கேட்டதும் பஸ்சின் இடதுபக்கம் முழுக்க வலதுபக்கம் போய்விட்டது. "ஏத்தாத! ஏத்தாத சார்! அதுக்கு வேற வண்டி வரும், போன் பண்ணச் சொல்லு!" அங்கே டவர் கிடையாது என்பது அப்படிக் கத்தியவர்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும்.

நான் என்ன செய்தேன் என்பதை மறைத்துப் பயனில்லை. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, கண் பாதி மூடியிருந்தது. என் வீட்டில் நாலு வயதில் ஒரு மகள். அவள் ஞாபகம்தான் வந்தது என்று சொன்னால் நன்றாக இருக்கும். ஆனால் முதலில் வந்தது என் ஞாபகம்தான். மாஸ்க்கைக் கீழே இழுத்து, விசிலை எடுத்து, ரெண்டு தரம் ஊதினேன். ரெண்டு தரம் ஊதினால் வண்டி போகலாம் என்று அர்த்தம்.

வண்டி நகரவில்லை. இன்னொருமுறை ஊதினேன்.

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "எனக்குக் காது கேக்கல" என்று சொல்லிவிட்டு இன்ஜினை அணைத்தார்.

சத்தம் நின்றதும் அந்தப் பிள்ளை மூச்சு விடுவது மட்டும் கேட்டது. வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"முப்பத்திரண்டு ஆயிடுச்சே" என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

மூக்குத்தி அம்மா எழுந்தாள். அவள்தான் தன் சீட்டைக் கொடுக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் இல்லை. "நான் எறங்க மாட்டேன்" என்றாள் முதலிலேயே. "அஞ்சு மாசம் கயிச்சி ஒரு சீட்டு கெடச்சிருக்கு. பல்லு வலிக்காரரே, உனக்கு இன்னும் வலிக்குதா?"

பல்வலிக்காரர் கன்னத்தில் கை வைக்க மறந்து உட்கார்ந்திருந்தார். மொத்த பஸ்சும் அவரைப் பார்த்தது. அவர் மரியாதையாக எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டி, "இப்பத் தேவல" என்று சொல்லிவிட்டு முன்படியில் இறங்கினார். இறங்கும்போது அந்தப் பெண்ணிடம், "சீக்கிரம் ஏறும்மா" என்றும் சொன்னார். அந்த ஊரில் அவர் தங்கை வீடு இருந்தது என்பது பிறகுதான் எனக்குத் தெரியும்.

"ரெண்டு பேரு ஏறறாங்களே" என்று ஒரு குரல் வந்தது. அதற்கு மட்டும் நான் கண்டக்டராகப் பதில் சொன்னேன். "கைக்கொழந்தைக்கு டிக்கெட் கெடையாது. டிக்கெட் இல்லாத ஆளு கணக்குல வராது." அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் இதுதான். அதுவும் ரூல் புத்தகத்தில் இருந்தது.

அந்தப் பெண்ணை யார் பக்கத்தில் உட்காரவைப்பது என்று நான் தேடும் முன்பே மூக்குத்தி அம்மா சன்னலோரத்தை விட்டுக் கொஞ்சம் நகர்ந்து, "இங்க வா" என்றாள். பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். முப்பது பேர் மூச்சை அடக்கிக்கொண்டு வந்தார்கள். டிரைவர் எங்கேயும் நிறுத்தவில்லை. குரங்குகள்கூட அந்தத் தடவை விலகிக்கொண்டன.

அடிவாரத்து ஆஸ்பத்திரி வாசலிலேயே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார். அந்தப் பெண் இறங்கி உள்ளே ஓடினாள். நாங்கள் கள்ளக்குறிச்சி போனோம். நான் சானிடைசர் பாட்டிலை எடுத்துக் கையில், முகத்தில், பணப்பையில், விசிலில் எல்லாம் ஊற்றிக்கொண்டேன். அடுத்தமுறை விசில் ஊதியபோது நாக்கு எரிந்தது. பட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் அவரவர் வேலைக்கு ஓடினார்கள். மூக்குத்தி அம்மா மட்டும் அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது கையில் போண்டா இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, கடைவீதியில் கைவீசி நடந்துகொண்டிருந்தாள். பிற்பகல் நாங்கள் வண்டி எடுக்கும்போது, முதல் ஆளாக வந்து காலையில் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

திரும்பும் வழியில் ஆஸ்பத்திரி வாசலில் அந்தப் பெண் நின்றிருந்தாள். பிள்ளை இடுப்பில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. நான் கதவைத் திறந்தேன்.

"இன்னாம்மா சொன்னாங்க?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, வெட்கமாகவும் இருந்தது. "கொரோனாவா இருக்கும்னு மூக்குல குச்சி வுட்டு டெஸ்ட் எடுக்கப் பாத்தாங்க சார். குச்சி போவல. இன்னாமோ தட்டுது, தட்டுதுன்னாங்க. டாக்டரு லைட் அடிச்சிப் பாத்து ஒரு மக்காச்சோள மணிய எடுத்தாரு. ஊறி இம்மாம் பெருசு ஆயிடிச்சி. அதான் சீழ் புடிச்சிக் காய்ச்சலாம். மருந்து குடுத்திருக்காங்க."

பஸ் முழுக்க எல்லோரும் ஒன்றாகச் சிரித்தார்கள். காலையில் வலதுபக்கம் போய் ஒட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் இப்போது பிள்ளையைச் சுற்றி வந்து, ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். "மூக்குல சோளம் போடக் கூடாதுடா கண்ணு." "எனக்கு அப்பவே தெரியும், இது வேற காய்ச்சல்னு." இப்படிச் சொன்னவர்தான் காலையில் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தியவர்.

அவள் ஊர் வந்தது. இறங்கும்போது நான் படியில் நின்று மெதுவாகச் சொன்னேன். "காலையில நான் விசில் ஊதிட்டேன்மா. மனசுல வெச்சிக்காத."

அவள் பிள்ளையை மாற்றி இடுக்கிக்கொண்டாள். "நானா இருந்தா நானும் ஏத்தியிருக்க மாட்டேன் சார்" என்றாள். கோபமாகவும் சொல்லவில்லை, சமாதானத்துக்கும் சொல்லவில்லை. நடந்து போய்விட்டாள்.

பல்வலிக்காரர் அங்கேதான் நின்றிருந்தார். தங்கை வீட்டில் நாட்டுக்கோழி அடித்திருக்கிறார்கள். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு, ஒரு தொடையெலும்பைக் கடைவாயில் வைத்துக் கடித்துக்கொண்டே ஏறினார். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டியதை அவர் மனைவி கேட்டுக்கொள்வாள் என்று விட்டுவிட்டார்கள்.

கடைசி ஸ்டாப்பில் ஊர் காத்திருந்தது. ஸ்கேன் எடுத்த பெண்ணை நாலு பேர் விசாரித்தார்கள். கைரேகை விழுந்ததா என்று ரெண்டு பேர் கேட்டார்கள். மீதி ஊர் மொத்தமும் மூக்குத்தி அம்மாவைச் சுற்றிக்கொண்டது. அவள் ஊர்க்கவுண்டர் காலையில் ஏறி நின்ற கல்லிலேயே உட்கார்ந்து, பார்த்ததை எல்லாம் சொல்லத் தொடங்கினாள். துணிக்கடை பொம்மைக்கெல்லாம் மாஸ்க் போட்டிருக்கிறார்கள். மாஸ்க் போடு என்று கத்துகிற போலீஸ்காரர் தன் மாஸ்க்கைக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறார். ஓட்டலில் உட்கார்ந்து தின்னலாம், ஆனால் எதிரில் ஆள் கிடையாது.

"முடி வெட்டற கடையில ஆதாரு கார்டு கேக்கறாங்க" என்றாள்.

"எதுக்கு?"

"முடி வெட்டறதுக்கு."

"பொய் சொல்லாத" என்றான் பேன்ட் பையன். "முடிக்கு இன்னாத்துக்கு ஆதாரு?"

"நான் என் கண்ணால பாத்தேன். வேணும்னா கண்டக்டரக் கேளு."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். ஆமாம், பேர், ஊர், ஆதார் எல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டுதான் முடி வெட்டுகிறார்கள், நானே போன வாரம் அப்படித்தான் வெட்டிக்கொண்டேன் என்று சொன்னேன். அவர்கள் என் தலையைப் பார்த்தார்கள். அவளைப் பார்த்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்து ஏமாற்றுகிறோம் என்று முடிவுகட்டிச் சிரித்தார்கள். டிரைவர் ஹாரன் அடித்தார். வண்டி திரும்பும்போதும் அந்த அம்மா கையை ஆட்டி ஆட்டிச் சத்தியம் செய்துகொண்டிருந்தாள்.